துரை பிறந்தநாளில் பிறந்தவர்கள்

மனிதகுலத்தின் நினைவுகள் ஒருபோதும் அழிவதில்லை. அவை நமக்காகக் காத்திருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தின் வாசலில், ஆள் உயரப் பித்தளைத் தகட்டில், இந்த வாக்கியம் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு தகரப் பலகை: திங்கட்கிழமை விடுமுறை.

நேற்று திங்கட்கிழமை. ஆகவே காத்திருந்தது தையல்காரரும் அவர் மனைவியும்தான். ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்து, பூட்டிய இரும்புக் கதவைப் பார்த்து, காவலாளியிடம் கெஞ்சி, "நான் வேலைக்குப் புதுசுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மலையடிவாரக் கடைத்தெருவில் ஒரு விடுதியில் மூட்டைப்பூச்சிகளோடு படுத்து எழுந்து, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி அதே கதவுக்கு முன்னால் நின்றார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குள் தையல்காரர் தாம் பிறந்ததை நிரூபித்தாக வேண்டும்.

பிறந்தார் என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகம் இல்லை. ஆள் எதிரில் நிற்கும்போது எங்கேயோ பிறந்துதான் இருக்க வேண்டும் என்று குடியுரிமை அலுவலக எழுத்தரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். எங்கே என்பதுதான் கேள்வி. இந்த நாட்டில் பிறந்ததற்குக் காகிதம் காட்டாதவர்களின் பெயரைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கப்பட்டவர்கள் முகாமுக்குப் போக வேண்டும். முகாமிலிருந்து எங்கே என்று கேட்டால் எழுத்தர் பேனாவைப் பார்ப்பார்.

தையல் கடைக்கு அடுத்த கடை கடிகாரம் பழுது பார்ப்பவருடையது. ஆறு வாரத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டிய கடைக்குள் சுவர்க் கடிகாரங்கள் ஒரு வாரம் மணியடித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு. பிறகு சாவி இறங்கி ஒன்றொன்றாக நின்றன. கடைசிக் கடிகாரம் நின்ற அன்று தையல்காரர் ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டார். மறுநாள் அவருக்கும் கடிதம் வந்தது.

மனைவிக்குக் கவலை இல்லை. அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். "இதைப் பாத்துக்கிட்டு நான் தனியா உக்காந்திருக்கணுமா?" என்று கடிதம் வந்த அன்று கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு பையில் இரண்டு மாற்றுத் துணி எடுத்து வைத்தாள்.

தையல்காரர் தம் பிறப்பைப் பற்றி அறிந்தது கொஞ்சம்தான். அப்பா தேயிலைத் தோட்டத்து ஆள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தவர். ஊரே அவரை நெட்டையன் என்றுதான் கூப்பிட்டது. பத்தொன்பதாம் லயம். தோட்டத்து வெள்ளைக்கார முதலாளியான துரையின் பிறந்தநாள் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனைக் கொண்டுபோய்ப் பதிந்ததாக அப்பா சொல்வார். எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. தோட்டம் கை மாறி, மூடி, காடாகி, இப்போது பாரம்பரியச் சின்னமாக மறுபடி திறந்திருக்கிறது.

சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் தையல்காரர் குனிந்து பேசினார்.

"பிறப்புப் பதிவேடு பாக்கணும்மா."

"டூர்ல வரும்ங்க. அஞ்சாவது இடம்."

"டூர் வேணாம்மா. பதிவேடு மட்டும் போதும்."

"பதிவேடு மட்டும்னு டிக்கெட் கிடையாதுங்க. பங்களா, குதிரை லாயம், நாய்க் கல்லறை, லயம், ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு டீ."

"டீயைக் கழிச்சுக்கோ தாயி, எங்களுக்கு அவசரம்" என்றாள் மனைவி.

"கழிக்க முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல டீயோட சேந்துதான் வருது."

பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகுதான் சுற்றுலா கிளம்பும். பன்னிரண்டு பேர் சேரப் பத்தரை ஆயிற்று. வழிகாட்டி முழங்கால் வரை காலுறையும் தலையில் தக்கைத் தொப்பியுமாக வந்தான். தொப்பி அவன் தலைக்கு இரண்டு அளவு பெரியது. பேசும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். மீதிக் கையால் வரலாற்றைச் சுட்டிக்காட்டினான்.

"இதுதான் துரை குளிச்ச தொட்டி. இதுல உக்காந்துதான் அவர் இந்த மலையோட எதிர்காலத்தைச் சிந்திச்சார்."

கூட்டம் தொட்டியைப் பார்த்தது. தொட்டியில் ஒரு பல்லி எதிர்காலமே இல்லாமல் செத்துக் கிடந்தது. அடுத்து துரை உட்கார்ந்த நாற்காலி, துரை படுத்த கட்டில், துரைக்கு மீசை வெட்டிய கத்தரிக்கோல். தையல்காரர் கத்தரிக்கோலைத் தொழில் முறையில் பார்த்து, முனை மழுங்கல் என்று முடிவு கட்டினார். மற்றபடி அவருக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு மேலே கடிகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கடைசிப் பேருந்து நாலு மணிக்கு.

நாய்க் கல்லறை பளிங்கில் இருந்தது. நாயின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், இறந்த தேதி எல்லாம் ஆழமாகச் செதுக்கி ஈயம் ஊற்றியிருந்தது. தையல்காரர் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார். கூட்டம் நகர்ந்த பிறகும் நின்றார்.

"வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாய் தகப்பன் பேரு கூட இருக்கு பாரு."

"அதுக்கென்ன, குலைச்சே வாங்கியிருக்கும். நீங்கதான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டீங்களே. வாங்க, நேரமாகுது."

பத்தொன்பதாம் லயத்தில் இருபத்துநாலு அறை இருந்ததாக வழிகாட்டி சொன்னான். இருபத்துமூன்றை இடித்துவிட்டு ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள். வெள்ளைச் சுவர், ஊதுபத்தி வாசனை, பூவேலை செய்த மெத்தை, குளிர்சாதனம். சுவரில் ஒரு பழைய கூடை, ஓவியம் மாதிரி விளக்குப் போட்டு மாட்டியிருந்தது.

"துரை தன்னோட தொழிலாளிங்களைக் குழந்தைங்களா நடத்தினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அந்தக் காலத்துல இது ரொம்பப் பெரிய விஷயம். இப்ப இந்த அறையில நீங்களும் தங்கலாம். இன்னிக்கு ராத்திரி இவங்க ரெண்டு பேரும் தங்கறாங்க." கூட்டத்தில் இருந்த புதுமணத் தம்பதியைக் காட்டினான். அவர்கள் வெட்கப்பட்டார்கள்.

"மூணு குடும்பம்ங்க" என்றார் தையல்காரர்.

"ஐயா?"

"ஒரு அறைக்கு மூணு குடும்பம். நடுவுல சாக்கு கட்டியிருக்கும். எங்களுக்கு அந்த மூலை."

புதுமணப் பெண் அந்த மூலையைப் பார்த்தாள். அங்கே சிறிய குளிர்பதனப் பெட்டி இருந்தது.

"கேள்வியெல்லாம் கடைசியில கேக்கலாம் ஐயா" என்று வழிகாட்டி தொப்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான்.

ஆஸ்பத்திரி என்பது ஒரு நீள வராந்தாவும் இரண்டு அறையும். ஒரு அறையில் கோப்பைகளும் சாவிக்கொத்துகளும் விற்றார்கள். இன்னொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள், பச்சை வெல்வெட்டின்மேல், பதிவேடு இருந்தது. தையல்காரர் அதன்மேல் கவிழ்ந்தார். திறந்திருந்த பக்கத்தில் யாரோ ஒரு பிரபு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார். பிறப்பு ஒன்றும் அந்தப் பக்கத்தில் இல்லை.

சுவரில் பெரிய பலகை. தலைப்பு: ஆரோக்கியத்தின் பொற்காலம்.

"இதுதான் நம்ம தோட்டத்தோட பெருமை" என்றான் வழிகாட்டி. இந்த இடத்தில் அவன் குரலே மாறியது. "துரை தன் பிறந்தநாள் அன்னிக்கு வராந்தாவுல வந்து நிப்பார். அந்த வருஷம் பொறந்த பிள்ளைங்களைத் தாய் தகப்பன் தூக்கிட்டு வருவாங்க. கம்பவுண்டர் கொழுந்து நிறுக்கற தராசுலயே பிள்ளையை நிறுத்து, பிறந்த எடைன்னு ஏட்டுல எழுதுவார். துரை தன் கையால துணி கொடுப்பார். ஆண் பிள்ளைன்னா ரெண்டு கஜம், பெண் பிள்ளைன்னா மூணு கஜம். அப்படி ஒரு மனசு! அதோட பலன் என்னன்னு பாருங்க. துணி கொடுக்க ஆரம்பிச்ச அஞ்சே வருஷத்துல பிறப்பு இரட்டிச்சிருச்சு. குழந்தையோட சராசரி எடை பதினோரு ராத்தல், அதாவது அஞ்சு கிலோ. உலக சராசரியே ஏழுதான். இதை ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சதுக்காக எங்க காப்பாளருக்கு முனைவர் பட்டமும் ஒரு பதக்கமும் கொடுத்திருக்காங்க."

கூட்டம் கைதட்டியது. தையல்காரரின் மனைவி மட்டும் கணவரின் முழங்கையில் இடித்தாள்.

"பதினோரு ராத்தலா? பெத்தவ உசுரோட இருப்பாளா?"

"சும்மா இரு" என்றார் தையல்காரர்.  வழிகாட்டியின் சட்டைக் கையைப் பிடித்தார். "தம்பி, இதைத் திறந்து ரெண்டு பக்கம் புரட்டிக் காட்டுங்க. என் பேரு இதுல இருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நகல் கொடுக்கலேன்னா என்னைக் கொண்டுபோயிருவாங்க."

"சாவி காப்பாளர்கிட்டதான் ஐயா இருக்கு. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. டீ சேந்திருக்கு."

காப்பாளரின் அறை பங்களாவின் பின்பக்கம். மனிதர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்து, ஒன்றரை மணிக்கு அவர்களை உட்காரச் சொன்னார். மேஜையில் பதக்கம் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தது. கடிதத்தை முழுசாகப் படித்தார். எழுத்துப் பிழை ஒன்றைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"உங்க வலி எனக்குப் புரியுது. வரலாறுன்னாலே வலிதான். ஆனா ஏடு ரொம்ப நொய்ஞ்சு போச்சு. ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி. விண்ணப்பம் கொடுத்தா குழு கூடி முடிவு பண்ணும். பதினஞ்சு வேலை நாள்."

"நாளைக்குப் பத்து மணிங்க."

"வருத்தமாத்தான் இருக்கு."

"ஐயா, நான் அம்பது வருஷமா இந்த நாட்டுக்காரங்களுக்குச் சட்டை தைக்கிறேன். நீங்க போட்டிருக்கற சட்டை கூட, தோள்பட்டை இறங்கியிருக்கு, அதை..." தாம் என்ன பேசுகிறோம் என்பது தையல்காரருக்கே தெரியவில்லை. "அதை நான் சரி பண்ணித் தர்றேன். எவ்வளவு வேணும்னாலும் தைச்சுத் தர்றேன். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் பாக்க விடுங்க."

காப்பாளர் தம் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டார். வருத்தம் கொஞ்சம் குறைந்தது மாதிரி இருந்தது. "விதின்னு ஒண்ணு இருக்கில்லையா" என்றார்.

தையல்காரர் எழுந்தார். வயதானவர்கள் தோற்றபோது எழுவது மாதிரி, இரண்டு தவணையாக எழுந்தார். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம்.

அவள் லயத்தில் இருந்தாள். பூவேலை மெத்தையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையைத் திறந்து மாற்றுத் துணியைத் தலையணைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் புதுமணத் தம்பதி பெட்டிகளோடு நின்றார்கள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். தொப்பி இல்லாமல் பார்த்தால் பரீட்சையில் தவறிய பையன் மாதிரி இருந்தான்.

"எந்திரிங்கம்மா, இவங்க பணம் கட்டியிருக்காங்க."

"எங்க மாமனார் உசுரையே கட்டியிருக்காரு. இது அவரோட மூலை. துரை குழந்தையா நடத்தினாருன்னு நீதானே சொன்ன? குழந்தை வீட்டுக்கு வந்திருக்கு, போ, துரைகிட்டச் சொல்லு."

"அம்மா, போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடு. எப்படியும் நாளைக்கு அவங்கதானே வரப்போறாங்க. ஒரு நாள் முன்னாடி வந்தா பெட்ரோல் மிச்சம்." புதுப்பெண்ணைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நீ கோச்சுக்காதே கண்ணு. நீயும் வந்து உக்காரு. மூணு குடும்பம் இருந்த இடம், நாம ரெண்டு குடும்பம் தாராளமா இருக்கலாம். சாக்கு இல்ல, என் பழைய புடவையைக் கட்டிக்கலாம்."

புதுப்பெண் கணவன் முகத்தைப் பார்த்தாள். கணவன் கைப்பேசியை எடுத்து, இந்த இடத்தைப் பற்றி நாலு வரி எழுதிப் போடப் போவதாகச் சொன்னான். நட்சத்திரம் ஒன்றுதான் கொடுப்பானாம்.

வரலாற்றின் வலியைப் பதினைந்து வேலை நாள் தாங்கக்கூடிய காப்பாளருக்கு அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை. சாவியோடு வந்தார். வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி கொண்டுவந்தார். மணி இரண்டரை.

ஏட்டைத் தம் அறை மேஜையில் வைத்தபோது அதிலிருந்து கறையான் மண் உதிர்ந்தது. காப்பாளர் புரட்ட, தையல்காரர் விரலால் வரி வரியாக இறங்கினார். பிள்ளையின் பெயர் எழுதும் பழக்கமே அந்த ஏட்டில் இல்லை. தகப்பன், லயம், ஆணா பெண்ணா, எடை, அங்க அடையாளம், துணி. அவ்வளவுதான்.

"அடையாளம் என்ன உங்களுக்கு?"

"வலது கால்ல ஆறு விரல்."

காப்பாளர் குனிந்தார். தையல்காரர் செருப்பைக் கழற்றினார். ஆறும் இருந்தன. காப்பாளர் ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணினார்.

மூன்று மணிக்கு முதல் பதிவு கிடைத்தது. பத்தொன்பதாம் லயம். ஆண். ஆறு ராத்தல். வலது காலில் ஆறு விரல். இரண்டு கஜம். தையல்காரர் "இதுதான், இதுதான்" என்றார். மனைவி கையுறைமேலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காப்பாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது 'டையன்' மட்டும்.

"நெட்டையன்னு எப்படிச் சொல்றீங்க? குட்டையனா இருக்கலாம். மொட்டையனா இருக்கலாம். அரைகுறைப் பேருக்கு நான் சான்று கொடுக்க முடியாது."

"ஆறு விரல் இருக்கே!"

"விரல் உங்களுது. தகப்பன் உங்களோடவர்னு தெரியணுமில்ல? அடுத்த வருஷமும் பாப்போம்."

அடுத்த வருஷமும் இருந்தது. நெட்டையன், பத்தொன்பதாம் லயம், ஆண், பதினாலு ராத்தல், வலது காலில் ஆறு விரல். பெயர் முழுசாக இருந்தது. ஆனால் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் கம்பவுண்டரின் கூரான எழுத்து: ஏற்கெனவே துணி வாங்கிய பிள்ளை. தகப்பனுக்கு எச்சரிக்கை.

மனைவி கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாதே?"

 தையல்காரரின் விரல் தானாகவே அடுத்த வருஷத்துக்குப் போனது. அந்த வருஷம் கம்பவுண்டர் விடுப்பு, கணக்கப்பிள்ளை எழுதியிருந்தார். நெட்டையன், பத்தொன்பதாம் லயம், வலது காலில் ஆறு விரல். பெண். இருபத்திரண்டு ராத்தல். மூன்று கஜம். பக்கத்தில், சந்தேகத்துக்கே இடமில்லாத கொட்டை எழுத்தில், துரையின் கையெழுத்து.

 காப்பாளர் மெல்ல, பக்தியோடு சொன்னார்:

"இருபத்திரண்டு!"

தையல்காரரின் மனதில் வேறு கணக்கு ஓடியது. இரண்டும் மூன்றும் ஐந்து கஜம். நடுவில் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டதால் இரண்டு கஜம் கிடைக்கவில்லை. ஐந்து கஜத்தில் புடவை கட்டலாம், முந்தானைக்குத்தான் பற்றாது. அம்மாவிடம் அப்படி ஒரு புடவை இருந்தது. நடுவில் ஒட்டுத் தையல் போட்ட புடவை. இரண்டு துண்டும் இரண்டு நிறம். மாற்றுத் துணி இல்லாதவள் குளித்துவிட்டு ஈரத்தோடு கொழுந்து பறிக்கப் போவாள் என்று அப்பா எப்போதோ சொன்னதும், சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனதும் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வயசுப் பையனுக்குப் பாவாடை சுற்றி, தலையில் பூ வைத்து, வராந்தாவில் வரிசையில் நின்றிருக்கிறார் அந்த நெட்டை மனிதர். ஆறாவது விரலை மறைக்கத் தெரியவில்லை.

"மூணும் நான்தாங்க" என்றார்.

"என்ன?"

"துணிக்காக எங்கப்பா மூணு தடவை கொண்டுவந்திருக்காரு. மொத வருஷந்தான் பொறந்தேன். அடுத்ததுல எனக்கு ஒரு வயசு. இதுல ரெண்டு வயசு. எங்கப்பா மட்டுமில்ல, எல்லாருமே வந்திருப்பாங்க. கட்டிக்கத் துணி வேணுமில்ல?"

மனைவி ஆஸ்பத்திரிப் பலகை இருந்த திசைக்குத் திரும்பினாள். "ரெண்டு வயசுல இருபத்திரண்டு ராத்தலா? எலும்பும் தோலுமால்ல இருந்திருப்பீங்க. நல்லா வளந்த பிள்ளைன்னா ஒரு வயசுலயே அவ்வளவு இருக்கும். அப்ப அந்தப் பலகையில இருக்கிறதெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளைங்களா?"

 காப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவர் முனைவர் பட்டத்துக்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த கூட்டுத்தொகையை மட்டுமே படித்திருந்தார். நடுவில் ஆட்கள் இருப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

"இதை வெளியே சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்டச் சொல்ல? இப்பத்தானே எனக்கே தெரியும்."

"நல்லது. இங்க பாருங்க." கண்ணாடிக் குமிழை நகர்த்தி வைத்தார். "முதல் பதிவுல பேரு இல்ல. ரெண்டாவது ரத்தாயிருச்சு. மூணாவதுல பேரு முழுசா இருக்கு, துரையே கையெழுத்துப் போட்டிருக்கார். அதுக்கு நான் இப்பவே சான்று நகல் தர்றேன். முத்திரையோட. ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பிள்ளை அந்த வருஷந்தான் பொறந்துச்சுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அதுல பொண்ணுன்னு இருக்குங்க."

"துரை கையெழுத்துப் போட்டிருக்கார்."

"நான் பொண்ணு இல்லீங்களே."

"அதை நான் ஆராயல. மூலத்துல என்ன இருக்கோ அதுதான் வரலாறு. பொறந்தப்போ இருபத்திரண்டு ராத்தல், உலகத்துலயே இப்படி ஒரு பதிவு கிடையாது. நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியல" என்றார் காப்பாளர். அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, அவர் ஏற்கெனவே அடுத்த பலகையை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

"போடுங்க" என்றாள்.

"பொய்யில்லையா அது? எங்கப்பாதான் பொய் சொன்னாருன்னா, நானும்..."

"உங்கப்பா புடவைக்குச் சொன்னாரு. நீங்க எனக்காகச் சொல்லுங்க. அந்தக் கடிகாரக்காரர் பொண்டாட்டி தினமும் பூட்டின கடை முன்னாடி வந்து நின்னுட்டுப் போறா, பாத்தீங்கல்ல? என்னை அப்படி நிக்க வைக்காதீங்க. போடுங்க சொல்றேன்!"

அவள் இதுவரை அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார். பேருந்து கிளம்பும்போது ஓடிப் பிடித்தார்கள். வழி முழுவதும் அவள் நகல் இருந்த உறையை இரண்டு கையாலும் மடியில் அழுத்தி வைத்திருந்தாள். ஒரு வளைவில் பேருந்து குலுங்கியபோது கணவரை விட்டுவிட்டு உறையைத்தான் பிடித்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுத்தர் உறையைப் பிரித்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் சீருடைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தையல்காரரை, அளவெடுப்பது மாதிரி, மேலும் கீழும் பார்த்தார்.

"தகப்பன் பேரு சரி. தோட்டம் சரி. முத்திரை சரி. விரல்?"

தையல்காரர் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கினார். எழுத்தர் எட்டிப் பார்த்து ஒரு டிக் போட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்தவர் நிமிர்ந்தார்.

"பெண்ணுன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க."

"நீங்க..." எழுத்தர் மீசையைப் பார்த்தார். தையல்காரர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். ஏன் மூடினார் என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை.

"அசல்ல இருக்கறதைத்தான் நான் ஏத்த முடியும். திருத்தணும்னா தனி விண்ணப்பம் போடுங்க. ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் முகாம்ல இருந்துக்கலாம்."

பெஞ்சில் ஒருவர் எழுந்து பெல்ட்டைச் சரிசெய்தார்.

"வேணாங்க" என்றார் தையல்காரர் அவசரமாக. "அப்படியே இருக்கட்டும். பெண்ணுன்னே ஏத்துங்க."

"பொண்ணாவே ஏத்துங்க ஐயா, பொண்ணுதான், எனக்குத் தெரியும்" என்று மனைவி மேஜைமேல் பாதி உடம்பைக் கவிழ்த்துக் கெஞ்சினாள். வரிசையில் நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் கையிலும் உறைகள் இருந்தன.

எழுத்தர் தட்டச்சு செய்தார். முத்திரை விழுந்தது. பெயர் பட்டியலில் நின்றது. பெஞ்சுக்காரர் மறுபடி உட்கார்ந்தார். தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"இவங்க யாரு?" எழுத்தர் பேனாவால் மனைவியைக் காட்டினார்.

"வீட்டுக்காரி."

"அது எடுக்காதுங்க. நீங்க பெண். மனைவின்னு அடிச்சா கம்ப்யூட்டர் நின்னுடுது. வேற உறவு ஏதாவது சொல்லுங்க, ஒரே வீட்டுல இருக்கணும்னா உறவு வேணும்." இரண்டு பேர் பிறந்த வருஷத்தையும் பார்த்தார். மூன்றாம் பதிவின்படி தையல்காரருக்கு இரண்டு வயசு குறைந்திருந்தது. "இவங்கதான் மூத்தவங்க. ஒரு வருஷம்."

குடும்பப் பதிவில் அவருடைய மனைவி இப்போது அவருக்கு அக்கா.